பதிலுக்கு விட்ட இடம்

ஒரு மனிதனுடைய வருடத்தில், பிறருக்குச் சொல்லத்தக்க விடயம் நடக்கிற நாட்கள் நான்கே நான்கு. இதை என்னுடைய இருபத்தோராவது வயதில், கனடாவில் லோறன்ஸ் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் கண்டுபிடித்தேன். தனக்கு ஐந்தாவது நாளும் இருந்ததென்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார், அல்லது கடிதம் எழுதுகிறார்.

எண்பத்தாறாம் ஆண்டில் என்னுடைய நான்கில் இரண்டு மார்ச் மாதத்துக்குள்ளேயே செலவாகிவிட்டன. ஜனவரியில் கல்லூரியில் இடம் கிடைத்தது. மார்ச்சில் இமிகிறேஷன்காரர் என் அகதி மனுவுக்காகக் கூப்பிட்டு நாலு மணித்தியாலம் விசாரித்துவிட்டு, முடிவைப் பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள். இரண்டையும் ஊரில், கோண்டாவிலில் இருக்கிற அம்மாவுக்கு ஒழுங்காக எழுதிப் போட்டேன். பிறகு மிச்ச இரண்டு நாட்களும் வரட்டும் என்று காத்திருந்தேன். ஏப்ரல் வந்தது. ஒக்ரோபரும் வந்தது. நாட்கள் வரவில்லை, குணவதி அன்ரியின் ரெலிபோன்தான் வந்தது.

குணவதி அன்ரி எங்கள் ஊர். எழுபதுகளிலேயே கனடா வந்து சிற்றிசன் எடுத்தவர். ஆகவே நினைத்த நேரம் ஊருக்குப் போய்வரலாம், நினைத்த ஆளை ஏசலாம்.

"டேய் சச்சி, உயிரோடை இருக்கிறியோ?"

"ஓம் அன்ரி."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? கொம்மாவுக்குச் சொல்லு. ஏழு மாசமாம். தபால்காரன் வாற நேரம் பாத்துப் படலையிலை போய் நிக்கிறாவாம். என்ரை தங்கச்சியிட்டை வந்து, 'குணத்துக்கு எழுதி, அவன் இருக்கிறானோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு பிள்ளை' எண்டு அழுதிருக்கிறா."

"எழுத ஒண்டும் நடக்கேல்லை அன்ரி."

"உனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு அவவுக்கு எப்பிடியடா தெரியும்?"

அன்ரி இதைப் பதிலுக்காகக் கேட்கவில்லை.

"டிசம்பர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போறன். அதுக்கு முதல் உன்ரை காயிதம் என்ரை கையிலை இருக்கோணும். வெறுங்கையோடை அந்த மனிசியின்ரை முகத்திலை முழிக்க என்னாலை ஏலாது."

உயிரோடிருப்பது செய்தியல்ல என்பது என்னுடைய நிலைப்பாடு. செத்தால்தான் செய்தி. அதையும் வேறு யாராவதுதான் எழுத வேண்டியிருக்கும்.

நான் அப்போது வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், கனகசிங்கம் அங்கிளும் கோணேஸ்வரி அன்ரியும் வாங்கியிருந்த வீட்டின் பேஸ்மென்ற்றில் குடியிருந்தேன். அவர்கள் மட்டக்களப்பு ஆட்கள், மகனே என்பதை 'மனே' என்பவர்கள். பேஸ்மென்ற்றில் இரண்டு அறைகள், நடுவில் காகிதம் மாதிரி ஒரு சுவர். மற்ற அறைக்கு, குணவதி அன்ரி ரெலிபோன் எடுத்த அதே கிழமைக்குள், மெலென்சியோ வந்து சேர்ந்தான்.

பிலிப்பைன்ஸ்காரன். முப்பது வயது. இலோயிலோ என்ற ஊரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். அவனுடைய அக்கா இங்கே நேர்ஸ். எட்டு வருடமாக அவள் வீட்டு முகம் ஒன்றையும் காணவில்லை. அவளுக்குப் போக லீவு கிடைக்காதபடியால், வீட்டார் கூடிப் பேசி ஒரு முகத்தை இங்கே அனுப்பிவைத்தார்கள். அந்த முகம்தான் மெலென்சியோ. அக்கா வேறு மூன்று நேர்ஸ்மாரோடு ஓர் அபார்ட்மென்ற்றில் இருந்தாள், அங்கே ஆண்பிள்ளைக்கு இடமில்லை. ஆகவே பகலில் போய் முகத்தைக் காட்டிவிட்டு, பின்னேரம் எங்கள் பேஸ்மென்ற்றுக்கு வந்துவிடுவான். மூன்று மாதம்தான். கிறிஸ்மசுக்குமுன் திரும்ப வேண்டும். ஜனவரியில் அவன் மனைவி பூரிங்குக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. முதல் பிள்ளை.

வந்த அன்றே கோணேஸ்வரி அன்ரியிடம், மேல் குசினியில் தான் சமைக்கலாமா என்று இங்கிலிசில் பணிவாகக் கேட்டான். அன்ரி, 'அதுக்கென்ன, தாராளமாச் சமை' என்கிற அர்த்தத்தில், நாங்கள் எல்லோரும் ஆட்டுகிறபடி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். மெலென்சியோ நன்றி சொல்லிவிட்டுக் கீழே வந்தான். அதன்பிறகு ஒன்பது நாள் பாணும் ரின்மீனும் சாப்பிட்டான்.

பத்தாம் நாள் அன்ரிக்குப் பொறுக்கவில்லை. படியில் மறித்து, "உனக்குச் சோறு விருப்பமா?" என்று கேட்டார். மெலென்சியோ இரண்டு புருவத்தையும் ஒருதரம் மேலே தூக்கி இறக்கினான்.

அன்ரி நேரே என்னிடம் வந்தார். "என்ன மனே இது? பாவம், பாணைத் திண்டு காயிறானே எண்டு சோறு விருப்பமா எண்டு கேட்டா, 'உனக்கென்ன அதப் பத்தி' எண்டு புருவத்தைத் தூக்கிக் காட்டுறான். எங்கட வீட்டில இருந்துகொண்டு!"

நான் இருவரையும் குசினியில் வைத்து விசாரித்தேன். அவனுடைய ஊரில் புருவத்தைத் தூக்கினால் 'ஓம்'. எங்களுடைய தலையாட்டல் அவனுக்கு 'கூடாது'. ஒரு மனிதன் ஒன்பது நாள் சோறில்லாமல் கிடந்ததற்கு இவ்வளவுதான் காரணம். அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஒரு கோப்பை சோறும் மீன்குழம்பும் போட்டுக் கொடுத்தார். அன்றுமுதல் அவர் அவனுக்குத் தலையாட்டும்போதெல்லாம் வாயாலும் 'யெஸ்' என்று சொல்வார். அவனும் 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டே புருவத்தைத் தூக்குவான். பார்க்கிறவர்களுக்கு இருவருக்கும் ஏதோ நரம்பு வருத்தம் என்று தோன்றும்.

இனிக் கசற்.

மெலென்சியோ கடிதம் எழுதுவதில்லை. சின்ன ரேப்ரெக்கோடர் ஒன்று கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு பின்னேரமும் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டுக் கட்டிலில் இருந்து, அன்றைக்குக் கண்டதையெல்லாம் அதற்குச் சொல்வான். வெள்ளிக்கிழமைகளில் கசற் தபாலில் போகும். பூரிங் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பிக்கிறவள், ஆகவே பாதி அவர்கள் பாஷையிலும் பாதி இங்கிலிசிலும் போகும். சுவர் புண்ணியத்தில் அந்த இங்கிலிஸ் பாதியை நான் முழுதாகக் கேட்டேன்.

"பூரிங், இன்றைக்குப் பஸ்ஸில் ஒரு கிழவருடைய காலை மிதித்துவிட்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"பூரிங், இங்கே அணில் கறுப்பு. சின்ன முயல் அளவு. குப்பைவாளி திறக்கத் தெரிந்த அணில்.

"பூரிங், ஒரு பெண் சப்வே எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டாள். என்னிடம்! நான் வழக்கம்போல உதட்டைக் குவித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் முறைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போனாள். இங்கே விரலால்தான் காட்ட வேண்டும் என்று அக்கா சொல்கிறாள். பாவம், அவள் எங்கே போய்ச் சேர்ந்தாளோ.

"பூரிங், இன்றைக்கு வெள்ளையாக விழுந்தது. ஸ்னோ ஸ்னோ என்று வெளியே ஓடிப்போய் நாக்கை நீட்டினேன். மேல்மாடியில் ஒருவர் கிழிந்த தலையணையை உதறிக்கொண்டிருந்தார். அவரும் மன்னிப்புக் கேட்டார்."

என் கணக்குப்படி இவற்றில் ஒன்றுகூட நாலு நாளில் சேராது. ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளைகூட இதையெல்லாம் கட்டுரையில் எழுதாது. ஆனால் இதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது.

"சாப்பிட்டாயா?" என்று கேட்பான். பிறகு பேசமாட்டான். ரேப் நாடா சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். பத்து, பன்னிரண்டு வினாடி போகும். "நல்லது" என்பான். பிறகு, "பிள்ளை உதைக்கிறானா?" மறுபடியும் மௌனம், இந்தமுறை இன்னும் நீளம். "கெட்டிக்காரன்" என்பான்.

மெஷின் பழுதென்று நினைத்து ஒருநாள் போய்க் கேட்டேன்.

"ஏன் இடையில் நிற்பாட்டுகிறாய்?"

"நிற்பாட்டவில்லை. பூரிங் பதில் சொல்கிறாள்."

"எப்போது?"

"இரண்டு கிழமையில்."

"சரி. அவள் சாப்பிடவில்லை என்று சொன்னால்? நீ 'நல்லது' என்றல்லவா சொல்லிவைத்திருக்கிறாய்?"

மெலென்சியோவின் முகம் மாறியது. இதை அவன் யோசித்திருக்கவில்லை. அடுத்த நாள் 'நல்லது' என்பதை விட்டுவிட்டு "அப்படியானால் போய்ச் சாப்பிடு" என்று சொன்னான். சாப்பிட்டவளை எப்படி மறுபடி சாப்பிடச் சொல்வது என்று நான் சுவருக்கு இந்தப்பக்கமிருந்து கேட்டேன். மூன்றாம் நாள், எதற்கும் பொருந்துகிற மாதிரி, "ம்" என்றான். பிறகு அதிலும் மனம் ஆறாமல் பழையபடி 'நல்லது'க்கே திரும்பிவிட்டான்.

நான் மணிக்கூடு வைத்துப் பார்த்தேன். ஒரு கசற்றுக்கு ஏழு நிமிடம் மௌனம். முத்திரை ஒட்டி மௌனத்தை ஏற்றுமதி செய்த இன்னொருவனை நான் அறியேன்.

நவம்பரில் தமிழ் மாணவர்கள் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை எடுத்துத் தீபாவளி ஒன்றுகூடல் வைத்தார்கள். என்னிடம் பத்து நிமிடம் ஏதாவது செய் என்றார்கள். 'கசற் மாப்பிள்ளை' என்று ஒரு தனிநடிப்புச் செய்தேன். ஒரு கதிரை, ஒரு பிஸ்கற் பெட்டி. பிஸ்கற் பெட்டிதான் ரேப்ரெக்கோடர். மற்றதெல்லாம் தமிழ், மாப்பிள்ளை பெட்டிக்குள் பேசுகிற வசனங்கள் மட்டும் மெலென்சியோவின் குரலில் இங்கிலிஸ். புருவம் தூக்கினேன், உதட்டால் வழி காட்டினேன், தலையணைப் பஞ்சுக்கு நாக்கை நீட்டினேன். கடைசியில் பெட்டியைக் கன்னத்தோடு வைத்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்தேன். ஐந்து எண்ணினேன். சனம் கதிரையிலிருந்து விழுந்து சிரித்தது. "நல்லது" என்றேன். கூரை இடிந்தது.

அதிகம் சிரித்தது கோணேஸ்வரி அன்ரி. அவருக்கு அடுத்தபடி, அவர் பக்கத்துக் கதிரையில் இருந்த மெலென்சியோ. அன்ரி அவனையும் கூட்டிவருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவன் மடியில் நிஜமான ரேப்ரெக்கோடர் சிவப்பு வெளிச்சத்தோடு இருந்தது.

திரும்பிவருகிற பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தான்.

"அது நான்தானே?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது?

"புருவம் சரி. உதடு இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வர வேண்டும். இப்படி." செய்து காட்டினான். முன்சீற்றில் இருந்த கிழவி ஒருத்தி இடம் மாறி இருந்தாள். "முழுக்கப் பிடித்துவைத்திருக்கிறேன். பூரிங்குக்கு அனுப்பப் போகிறேன். கனடாவில் என் நண்பன் ஒருவன் என்னைப் பற்றி நாடகம் போட்டான் என்று சும்மா சொன்னால் நம்பமாட்டாள்."

நண்பன் என்று என்னை யாரும் சொல்லி நெடுநாளாகியிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

டிசம்பர் முதலாம் கிழமை குணவதி அன்ரி மறுபடி ரெலிபோன் எடுத்தார்.

"எழுதினியோ?"

"எழுதிக்கொண்டிருக்கிறன்."

அது பொய்யல்ல. நீலநிறக் கடிதத்தாளில், 'அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம்' என்று மூன்று கிழமைக்குமுன் எழுதியிருந்தேன். அடுத்த வரி இன்னும் நடக்கவில்லை.

"தங்கச்சி திரும்பவும் எழுதியிருக்கிறாள். கொம்மா இப்ப படலைக்கும் வாறேல்லையாம். கேட்டா, 'அவன்ரை காயிதம் வராது. வாறதெண்டா வேறை ஆரின்ரையும் காயிதம்தான் வரும்' எண்டு சொன்னவவாம். விளங்குதோ உனக்கு?"

விளங்கியது. செத்தால்தான் செய்தி என்ற என் நிலைப்பாட்டை அம்மா எனக்குமுன்பே கண்டுபிடித்துவிட்டார்.

"சனிக்கிழமை பொழுதுபடமுன்னம் கொண்டுவந்து தா. ரெண்டு வரியெண்டாலும் போதும். உன்ரை கையெழுத்து இருக்கோணும், அவ்வளவுதான்."

புதன்கிழமை பின்னேரம் மெலென்சியோ சுவரில் தட்டினான். பூரிங்கின் கசற் வந்திருந்தது. வழக்கமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷினைக் காதோடு வைத்துத் தனியாகத்தான் கேட்பான்.

"வா. இதில் உனக்கும் இருக்கிறது" என்றான்.

திருத்துக்கடையில் மெஷினுக்குப் பஞ்சமில்லை. ஒரு மெஷினில் அவன் கசற்றை ஓடவிட்டு, பக்கத்தில் இருந்து தானும் பேசி, இரண்டையும் சேர்த்து இன்னொன்றில் பிடித்து அனுப்புவாளாம் பூரிங். இதை அவன் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

முதலில் அவன் குரல், சற்றுத் தூரத்தில்: "சாப்பிட்டாயா?"

உடனே ஒரு பெண்குரல், கிட்டத்தில்: "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மீன். பொறு, முள்." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "ஆ, போய்விட்டது."

"நல்லது" என்றான் தூரத்து மெலென்சியோ.

வினாடி பிசகவில்லை. நான் கட்டிலின் விளிம்பில் இருந்தேன்.

"பிள்ளை உதைக்கிறானா?"

அவள் சத்தம் இல்லை. எங்கோ ஒரு சேவல் கூவியது, ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பிறகு திடீரென்று சிரிப்பு. "இப்போது! இந்தா, இப்போது!"

"கெட்டிக்காரன்."

மெலென்சியோ கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நான் எழுந்துபோகப் பார்த்தேன். கையைப் பிடித்து இருத்தினான்.

அடுத்ததாக மண்டபத்தின் இரைச்சல் கேட்டது. எங்கள் சனத்தின் சிரிப்பு. கோணேஸ்வரி அன்ரியின் "ஐயோ மனே, காணும், போதும்!" நடுவில் என் குரல், மெலென்சியோவைப் போல வளைத்து: "சாப்பிட்டாயா?"

அன்றைக்கு அந்த இடத்தில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. இப்போது அதன்மேல் பூரிங் சொன்னாள், அதே குரலில், ஒரு வித்தியாசமும் இல்லாமல்: "சாப்பிட்டேன். நீ சாப்பிட்..."

"நல்லது!" என்றேன் நான். கூரை இடிந்தது.

டக் என்று ஒரு சத்தம். அவள் மண்டபத்தை நிற்பாட்டிவிட்டாள்.

"மெலென்சியோ, உன் நண்பன் நன்றாகத்தான் செய்கிறான். மூக்கால் பேசுகிறதைக்கூடப் பிடித்திருக்கிறான். ஆனால் அவனுக்குப் பொறுக்கத் தெரியவில்லை. நான் வாய் மூடுமுன் நல்லது என்றுவிட்டான். நீ சாப்பிட்டாயா என்று நானும் அவனைக் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. பெயர் சச்சி என்றாய் அல்லவா? சச்சி, உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?"

பிறகு அவள் பேசவில்லை. ரேப் ஓடியது. சேவல் மறுபடி கூவியது.

மெலென்சியோ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "பதில் சொல்லு."

"அது ரேப் நாடா" என்றேன்.

"தெரியும். உனக்காகத்தான் பொறுக்கிறாள்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்ற சொல்லை இங்கிலிசில் எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவள் விட்ட இடம் முடிந்துவிட்டது.

"ம்" என்றாள் பூரிங், முழுவதையும் கேட்டவள் மாதிரி.

சனிக்கிழமை மெலென்சியோ அக்காவிடம் புறப்படும்போது, கல்லூரி வேலை ஒன்றுக்கு மெஷின் தேவை என்று கேட்டேன். புருவத்தைத் தூக்கினான். எனக்கு மட்டும் 'யெஸ்' சொல்வதில்லை, தேவையில்லை என்று தெரியும். அவன் போனபிறகு பார்த்தேன். உள்ளே புதுக் கசற் ஒன்று போடப்பட்டிருந்தது. தொடக்கத்தில் குரல் பதியாத வெள்ளை நாடாவைக்கூடச் சுற்றி முடித்துவைத்திருந்தான்.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினேன். சப்பாத்தைக் கழற்றினேன். கட்டிலில் இருந்து, சிவப்பு வெளிச்சம் வருமட்டும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமத்தினேன்.

"அம்மா. நான் சச்சி. உயிரோடை இருக்கிறன்."

சொல்லிக் கேட்டபோது அது அவ்வளவு சின்ன விடயமாக இருக்கவில்லை.

"விசாரிச்ச முடிவு இன்னும் வரேல்லை. அதுதான் எழுதேல்லை. வேறை ஒண்டுமில்லை. இந்தக் கசற்றைக் குணவதி அன்ரியின்ரை தங்கச்சி வீட்டிலை வைச்சுக் கேப்பியள் எண்டு நினைக்கிறன். சனம் நிக்கும், வெக்கப்படாதேங்கோ.

"இஞ்சை அணில் கறுப்பம்மா. முதுகிலை கோடு இல்லை. குப்பைவாளியைத் திறந்து பாணெடுத்துத் தின்னும். முந்தநாள் ஒண்டு என்னைப் பாத்துக்கொண்டே திண்டுது, நான்தான் தள்ளி நிண்டனான்.

"வீட்டுக்கார அன்ரி புட்டு அவிச்சுத் தந்தவ. நல்ல மனிசி. நீங்கள் அவிக்கிற மாதிரி இல்லை எண்டு நான் அவவுக்குச் சொல்லேல்லை.

"பக்கத்து அறையிலை ஒருத்தன் இருக்கிறான். பிலிப்பைன்ஸ். என்ரை சிநேகிதன். வாற கிழமை போயிடுவான். அவனுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது."

இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். ரேப் அரைவாசி போயிருந்தது. பிறகு கேட்டேன்.

"சாப்பிட்டியளோ அம்மா?"

ஐந்து எண்ணியபோது, ஐந்து போதாது என்று தெரிந்தது. அம்மா எடுத்தவுடன் பதில் சொல்கிற ஆளல்ல. முதலில் கையைச் சேலைத்தலைப்பில் துடைப்பார். பிறகு கேட்டவனை ஒருதரம் பார்ப்பார். பிறகும் வாயைத் திறக்கமாட்டார், கோணேஸ்வரி அன்ரி மாதிரித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார். அது எந்த ரேப்பிலும் விழாது. விழாவிட்டாலும் அவர் ஆட்டத்தான் போகிறார், அதற்கு இடம் வேண்டும். பன்னிரண்டு. பதின்மூன்று. ஆட்டி முடித்தபிறகுதான் அவர் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்பார்.

படியில் காலடி கேட்டது. கதவு மெல்லத் திறந்தது. மெலென்சியோ, நேரத்தோடு வந்துவிட்டான். தோளெல்லாம் ஸ்னோ, இந்தமுறை உண்மையான ஸ்னோ. சிவப்பு வெளிச்சத்தைக் கண்டான். ஒரு காலைத் தூக்கினபடி அப்படியே நின்றான், சப்பாத்துச் சத்தம் கேட்டுவிடும் என்று.

நான் அவனைப் பார்க்கவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

"ஓம் அம்மா" என்றேன். "நானும் சாப்பிட்டன்."